நீண்ட நோய்க்காலத்தில் விசுவாசத்தில் நிலைத்திருப்பது: அழுவதும் கேள்வி கேட்பதும் அவிசுவாசமா?

தூத்துக்குடி சகோதரி (இழையைத் தொடங்கியவர்)

அன்பானவர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்து வருகிறோம். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அவர் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருக்க வேண்டும். வீடு திரும்பும்போது பேசுவதற்குக்கூடத் தெம்பு இருக்காது. டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கும் இடத்தில் காலையில் எழுந்ததும் விரல் வைத்துப் பார்ப்பேன். உள்ளே இரத்தம் ஓடுகிற அதிர்வு விரலுக்குத் தட்டுப்பட்டால்தான் எனக்கு மூச்சு வரும். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், வெயில் நாட்களில் அவர் கேட்டும் நான் மறுக்கிற வேளைகள் உண்டு. அதைப் போல் என்னை வாட்டுவது வேறொன்றும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்த ஒரு குழுவினர், இத்தனை காலம் ஜெபித்தும் சுகம் கிடைக்காததற்குக் காரணம் எங்கள் விசுவாசக் குறைவே என்றும், நான் அழுவதால் தேவனுடைய கரம் தடைபடுகிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து ஜெபிக்க முழங்கால் போட்டாலே, அழுகை வந்துவிடுமோ, அதனால் அவருக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. அழுவதும் "ஏன் ஆண்டவரே" என்று கேட்பதும் அவிசுவாசமா? வேதத்தை நன்கு அறிந்தவர்களும், இப்பாதையில் நடந்தவர்களும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற குருவானவர், நாசரேத்து வட்டாரம்

மகளே, உங்கள் அழுகையால் தேவனுடைய கரம் தடைபடாது. இதை முதலில் உறுதியாகச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். நோயாளியின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது; அப்படிப் பேசியவர்களைத் தேவன் கண்டித்ததற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. பிள்ளைகளையும் செல்வத்தையும் சுகத்தையும் இழந்த யோபின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இராப்பகலாக அவனோடுகூடத் தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். வாயைத் திறந்து, உன் பாடுகளுக்கு உன்னிடத்திலேயே காரணம் இருக்கிறது என்று நிரூபிக்கத் தொடங்கியதும் தவறிப்போனார்கள். யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் தேமானியனாகிய எலிப்பாசை நோக்கி, என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். யோபோ மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபித்தவன், தேவனோடு வழக்காடியவன். அந்த மனிதனைத்தான் யாக்கோபு தன் நிருபத்தில் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறான்.

சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவை முறையீடுகளே. அவற்றில் பெரும்பாலானவை கண்ணீரில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். 88-ஆம் சங்கீதம் அப்படியும் முடிவதில்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதைத் தேவாலயப் பாடல்களிலிருந்து யாரும் நீக்கவில்லை. இருள் விலகாத இரவுகளில் பாடவும் தம் ஜனங்களுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று தேவன் அறிந்திருந்தார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று. நாம் புதுவருட வாக்குத்தத்த அட்டைகளில் அச்சிட்டு மகிழ்கிற "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வசனம் புலம்பல் புத்தகத்தில் இருக்கிறது. ஐந்து அதிகாரங்கள் கொண்ட அந்தப் புத்தகத்தின் நடுப்பகுதியில், மூன்றாம் அதிகாரத்தில் அது வருகிறது. அதைச் சொன்ன பிறகு எரேமியாவின் கண்ணீர் நின்றுவிடவில்லை. இடிந்த நகரத்தையும் பசியால் வாடிய குழந்தைகளையும் பார்த்து அவன் மறுபடியும் அழுகிறான், புத்தகமும் ஒரு கேள்வியோடுதான் முடிகிறது. இரக்கங்களுக்கு முடிவில்லை என்று அறிக்கையிட்ட அதே வாய்தான் அடுத்த பக்கத்தில் புலம்புகிறது. இரண்டும் ஒரே மனிதனுக்குள், ஒரே ஜெபத்துக்குள் இருக்க முடியும். முழங்கால் போடுங்கள், அழுகை வந்தால் அழுங்கள்.

கோட்டாறு வாசகர்

குருவானவர் ஐயா யோபைக் குறிப்பிட்டதால் எங்கள் பக்கத்து வரலாறு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் பத்மநாபபுரத்தில் இருந்தவர் நீலகண்டன். குளச்சல் போரில் 1741-இல் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு நண்பரானார். குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் நீலகண்டன் மனம் சோர்ந்திருந்தபோது டி லனாய் அவருக்குச் சொன்ன கதை யோபின் கதைதான் என்று எங்கள் மரபு சொல்கிறது. அவர் 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. விசுவாசத்துக்குள் வந்த பிறகு அவருடைய வாழ்க்கை எளிதாகிவிடவில்லை. 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடியும் அவமானமுமாக மூன்று ஆண்டுகள் சென்றன. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது 2022 மே 15-இல். யோபின் கதையைக் கேட்டு நம்பியவருக்கு, யோபுக்குக் கிடைத்ததுபோல் ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பவில்லை. அவருடைய விசுவாசம் குறைவுபட்டது என்று சொல்லத் துணிபவர் யார்?

சகோதரி தண்ணீரைப் பற்றி எழுதியதை வாசித்தபோது எனக்குப் புலியூர்க்குறிச்சி நினைவுக்கு வந்தது. தாகத்தால் தவித்த தேவசகாயம் ஜெபித்து முட்டியால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்று சொல்லி, முட்டிடிச்சான் பாறை என்று அழைக்கப்படும் அந்த இடத்துக்கு இன்றும் மக்கள் போகிறார்கள். அங்கே பெருந்துன்பம் முழுவதும் நீங்கவில்லை, அன்றைய தாகம் மட்டும் தணிந்தது. உங்கள் கணவருக்காக நாங்கள் ஜெபிக்கும்போது, நோய் நீங்க வேண்டும் என்பதோடு அன்றன்றைய தாகம் தாங்கக்கூடியதாக வேண்டும் என்றும் கேட்போம்.

பாளையங்கோட்டை சகோதரர்

மேலே எழுதியவர்களை மதிக்கிறேன். ஆனாலும் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை. அந்தக் குழுவினர் பேசிய விதம் தவறு, அதில் ஐயமில்லை. ஆனால் புலம்பலுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால், சுகத்துக்காகக் கேட்பதையே நாம் மெதுவாகக் கைவிட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிறேன். அநீதியுள்ள நியாயாதிபதியிடம் விடாமல் போய் நின்ற விதவையை ஆண்டவர் நமக்கு முன்மாதிரியாக வைத்தார். பிலிப்பி பட்டணத்தில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள். எங்கள் குடும்பம் கடனில் மூழ்கி, வீட்டை விற்கும் நிலை வந்தபோது, என் தாயார் மாலை ஜெபத்தில் ஒரு துதிப்பாடலையாவது பாடாமல் எங்களைச் சாப்பிட உட்காரவிட்டதில்லை. பாடினால் பசி போய்விடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. பிள்ளைகளாகிய நாங்கள் வீட்டில் முணுமுணுப்பை மட்டும் கேட்டு வளர்ந்துவிடக்கூடாது என்பதே அவர்களுடைய கவலை. சோர்வு வீட்டிலுள்ள எல்லோருக்கும் பரவும் தன்மையுடையது என்பதைச் சகோதரி மறந்துவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற குருவானவர், நாசரேத்து வட்டாரம்

தம்பி, உங்கள் தாயாரைப் போன்றவர்களால்தான் நம் சபைகள் நிற்கின்றன. கேட்பதை விடக்கூடாது என்பதிலும் உங்களோடு உடன்படுகிறேன். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டான். நம்முடைய ஆண்டவர் கெத்செமனேயில் மூன்று தரம் ஜெபித்தார். இருவருக்கும் கேட்டபடி கிடைக்கவில்லை, ஆனால் கேட்டதற்காக இருவரும் கடிந்துகொள்ளப்படவும் இல்லை.

ஒரு சிறு வசனத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எபேசுவில் பவுலின் உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டபோது வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல் தன் இறுதி நாட்களில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறான். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்றோ, தனக்கு வல்லமை குறைந்துவிட்டது என்றோ அவன் விளக்கம் சொல்லவில்லை. விளக்கம் இல்லாமல் விட்டுவைக்கும் துணிவு அவனுக்கு இருந்தது. நமக்குத்தான் எதற்கும் உடனே ஒரு காரணம் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

வேலூரில் பணியாற்றிய செவிலியர் (ஓய்வு)

சகோதரி, நான் வேத விளக்கம் சொல்லத் தகுதியுள்ளவள் அல்ல. கண்டதையும் கற்றதையும் எழுதுகிறேன்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயிற்சிக்கு வருகிற எவரும் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிக் கேள்விப்படாமல் போவதில்லை. கொச்சியில் பிறந்தவர், மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். 1954 ஜனவரியில் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சேதமடைந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போனது; முகத்திலும் ஆழ்ந்த காயம். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சீராக்கிக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று அவருக்கு வழி காட்டினார். நேராக உட்காரும் உறுதிக்காகவே அவர் முதுகில் மேலும் அறுவை சிகிச்சைகளைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1960-களில் வேலூரில் அந்தத் துறையையே உருவாக்கினார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். கால்களைக் கேட்டேன், சிறகுகள் கிடைத்தன என்று அவர் சொன்னதை எங்களில் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லி நோயாளிகளை அவசரப்படுத்தக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். விபத்துக்கும் சிறகுக்கும் நடுவே படுக்கையில் கிடந்த காலம் ஒன்று அவருக்கும் இருந்தது. அந்தக் காலத்தில் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பார்த்து, உடம்பு துடைத்துவிட்ட கைகள் இருந்தன. சாட்சி சொல்லும்போது நாம் அந்தக் கைகளை விட்டுவிடுகிறோம்.

இப்போது உங்களைப் பற்றி. நீங்கள் எழுதியதில் உங்கள் கணவரின் உடல்நிலை இருக்கிறது, உங்கள் தூக்கமும் சாப்பாடும் எங்கேயும் இல்லை. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது, தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கவும் அனுமதிக்கப்பட்டான். ஓரேப் மலையில் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். நோயாளியைப் பராமரிக்கிறவர் தூங்காமல் இருந்தால் ஜெபமும் கனக்கும், கோபமும் சீக்கிரம் வரும். அதை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று நீங்களே உங்கள்மேல் குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டாம். டயாலிசிஸ் நாட்களில் ஒன்றிலாவது வேறொருவரை மருத்துவமனைக்குத் துணையாக அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் தூங்குங்கள். தாகத்துக்கு, உப்பைக் குறைப்பது முதல் வழி. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் வீட்டில் கண்ணில் படாமல் இருந்தாலே பாதித் தவிப்பு குறையும். மருத்துவர் அனுமதித்தால், அன்றைய அளவுக்குள் கணக்கிட்டுச் சிறு பனிக்கட்டித் துண்டை வாயில் வைத்துக்கொள்ளலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடம் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியர்களும் இருக்கிறார்கள். இன்னும் விசாரிக்கவில்லை என்றால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

முதலூர் வாசகி

பாளையங்கோட்டை அண்ணன் பவுலும் சீலாவும் பாடியதைச் சொன்னார்கள். மறுநாள் காலையில் நடந்ததையும் வாசிக்க வேண்டும். அதிகாரிகள் அவர்களை இரகசியமாக வெளியே அனுப்ப முயன்றபோது, விசாரணையில்லாமல் எங்களை வெளியரங்கமாய் அடித்தார்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று பவுல் மறுத்து நின்றான். இரவில் பாடியவன் காலையில் நியாயம் கேட்டான். பாடுகளைச் சகிக்க வேண்டும் என்று நம் பெண்களுக்கு, குறிப்பாக வீட்டில் அடிபடுகிறவர்களுக்கு, போதிக்கும்போது இந்த இரண்டாவது பகுதி சொல்லப்படுவதே இல்லை. நோயைச் சகிப்பது வேறு, தடுக்கக்கூடிய கொடுமையைச் சகிப்பது வேறு. இது இந்த இழையின் கேள்வியிலிருந்து சற்று விலகியது போலத் தோன்றலாம். ஆனால் சகிப்பு என்ற பெயரில் எதையெல்லாம் நம்மேல் சுமத்துகிறார்கள் என்பதுதான் சகோதரியின் கேள்விக்கும் அடியில் இருக்கிறது.

எங்கள் ஊரே இதற்குச் சாட்சி. விசுவாசத்தினிமித்தம் சொந்த ஊர்களில் துன்புறுத்தப்பட்டவர்கள், 1799-இல் நிலம் வாங்கிக் குடியேறி உண்டாக்கியது முதலூர். அவர்கள் அடிவாங்கிக்கொண்டே அங்கேயே கிடக்கவில்லை, விசுவாசத்தை விடவும் இல்லை. சேர்ந்து புறப்பட்டு வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் விசுவாசத்தில் நிலைத்திருப்பது தொடக்கத்திலிருந்தே ஊர் சேர்ந்து செய்த காரியம். ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் எங்கள் பாட்டிமாருக்கு இருந்தது. வறுமையிலும் அந்தக் கைப்பிடி அரிசி நிற்கவில்லை. ஊழியம் அதனால் நடந்தது.

ஆகவே சகோதரியிடம் நேராகக் கேட்கிறேன்: உங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் உங்களுக்காக ஜெபிக்கிறார்களா, அல்லது உங்களோடு மருத்துவமனைக்கும் வருகிறார்களா? வராவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்பது சபைக்குப் பாரமாகாது.

தூத்துக்குடி சகோதரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருடைய பதில்களையும் ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்தேன். செவிலியர் அக்கா சொன்னபடி ஊறுகாய்ப் பாட்டில்களை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். துணைக்கு வரச் சபையில் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு பாரம் இருக்கிறது. என் கணவர் இப்போது ஜெபிப்பதில்லை. முன்பு அதிகாலையில் எழுந்து வேதம் வாசிப்பவர், ஞாயிறு பள்ளியில் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்தவர். இப்போது ஜெபத்துக்கு அழைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். கோபமாக ஒன்றும் சொல்வதில்லை. "நீ ஜெபி, எனக்கு வரவில்லை" என்கிறார். இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அவருடைய விசுவாசம் போய்விட்டதா?

டோனாவூர்ப் பக்கத்து வாசகர்

டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் ஒரு குழியில் தவறி விழுந்த பிறகு, 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வாழ்ந்தார்கள். வலி அவர்களை விட்டு முழுமையாக நீங்கவில்லை. நலமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதி அனுப்பும் ஆறுதல் துண்டுப்பிரதிகள் தமக்கு உதவவில்லை என்று கண்டு, நோயாளியாக இருந்துகொண்டே நோயாளிகளுக்கு எழுதினார்கள். உங்கள் கணவருக்கும் இப்போது நலமாயிருப்பவர்களின் சொற்கள் எட்டாத தூரத்தில் இருக்கலாம். அதே டயாலிசிஸ் பிரிவில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவர் பேசினால் ஒருவேளை அவர் காது கொடுப்பார்.

ஓய்வுபெற்ற குருவானவர், நாசரேத்து வட்டாரம்

மகளே, யாரிடமும் சொல்லாததை இங்கே சொன்னதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நாலுபேர் சுமந்துகொண்டு வந்து, கூட்டத்தினால் உள்ளே போகமுடியாமல், வீட்டின் மேற்கூரையைப் பிரித்து அவன் கிடந்த படுக்கையை இறக்கினார்கள். மாற்கு சுவிசேஷம் அந்த இடத்தில், இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு அவனிடம் பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் அதுவரை ஒரு வார்த்தை பேசியதாகவோ ஜெபித்ததாகவோ அங்கே ஒன்றும் இல்லை. சுமந்தவர்களின் விசுவாசம் அவனுக்கும் கணக்கிடப்பட்டது. "நீ ஜெபி, எனக்கு வரவில்லை" என்று உங்கள் கணவர் சொல்வதில், ஜெபம் வேண்டாம் என்ற மறுப்பு எனக்குக் கேட்கவில்லை; தன்னையும் சேர்த்துச் சுமக்கச் சொல்கிறார் என்றே கேட்கிறது.

அவரை ஜெபத்துக்கு அழைக்க வேண்டாம், சில நாட்களுக்கு. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதத்தை மட்டும், மெதுவாக, விளக்கம் எதுவும் சேர்க்காமல் வாசியுங்கள். 13-ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். ஆறே வசனம், "எதுவரைக்கும்" என்ற கேள்வி அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுத்தவர் என்பதால் அந்த வார்த்தைகள் ஏற்கெனவே அவருக்குள் இருக்கின்றன. உங்கள் சபைக் குருவானவரிடம், நோயாளிக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் டயாலிசிஸ் முடிந்த மாலையில் வேண்டாம், இடைப்பட்ட நாளில் காலையில் வரச் சொல்லுங்கள். நீண்ட ஜெபமும் பிரசங்கமும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். முதலூர் மகள் சொன்னதுபோல் சபையிலிருந்து இரண்டு மூன்று பேர் உடன் வந்து அமைதியாக நிற்கட்டும். உங்கள் கணவரின் முதற்பெயரை மட்டும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். காலை ஜெபத்தில் நானும் என் மனைவியும் அவரைப் பெயர் சொல்லி நினைப்போம்.